பாட்டுக்கு மேடை, பாட்டுக்காரனுக்கு வாசற்படி

(ஒரு வாசகசாலை ஆண்டு விழாவில் செய்த சொற்பொழிவு)



இன்றைய கூட்டத்தில் நாட்டுக் கலைகளைப் பற்றியும் அவற்றைக் காப்பாற்றுவதற்கென்று ஏற்பட்டிருக்கும் ஸ்தாபனங்களைப் பற்றியும் நான் பேசுவேன் என்று நோட்டீசில் போட்டிருக்கிறார்கள். என்னைக் கேட்டுக்கொண்டு போட்டதல்ல. போட்டுவிட்டுத்தான் எனக்குச் சொன்னார்கள். எனக்கோ சங்கீதத்தில் யாதொரு பயிற்சியும் கிடையாது. ஒரு பாட்டைக் கேட்டு இது இன்ன ராகம் என்று சொல்ல எனக்குத் தெரியாது. ஆனாலும் பாடுகிறவன் யார், அவன் எங்கே உட்கார்ந்து பாடுகிறான், பாடி முடித்த பிறகு அவனுக்கு என்ன கொடுக்கிறார்கள், கொடுக்கும்போது கையில் கொடுக்கிறார்களா அல்லது தள்ளி நின்று போடுகிறார்களா என்கின்ற இந்தச் சங்கதிகளைப் பார்ப்பதற்கு ராக ஞானம் வேண்டியதில்லை. கண் இருந்தால் போதும். ஆகையால் இந்தப் பக்கத்திலிருந்து மட்டும் பேசுகிறேன்.

உள்ளூர்ச் சங்கதியைப் பேசினால் மனஸ்தாபம் வரும் என்பதற்காக அல்ல, விஷயம் தெளிவாக விளங்க வேண்டும் என்பதற்காகவே, நான் ராஜஸ்தானத்திலுள்ள ஒரு ஸ்தாபனத்தை எடுத்துக்கொள்ளுகிறேன். அதன் பேர் ரூபாயன் சன்ஸ்தான். ஜோத்பூர் ஜில்லாவில் போருந்தா என்று ஒரு கிராமம். அந்தக் கிராமத்தில் 1960ஆம் ஆண்டில் இரண்டு சிநேகிதர்கள் சேர்ந்து இதை ஏற்படுத்தினார்கள். ஒருவர் கோமல் கோத்தாரி. மற்றவர் விஜய்தான் தேத்தா. கலைச் சபை என்றால் பட்டணத்தில் ஒரு மாளிகை, அதற்கு ஒரு மகாராஜா போஷகர், வாசலில் வாழை மரம் என்றுதான் நமக்கு வழக்கம். இவர்கள் பட்டணத்தை விட்டுக் கிராமத்திற்குப் போனார்கள். பாட்டும் கதையும் அங்கேதான் இருந்தன, அவை இருக்கிற இடத்திற்குத்தான் நாம் போக வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். கோத்தாரி பாட்டுக்காரர்களைத் தேடிப் பாலைவனத்தில் அலைந்தார். பாட்டுகளை ஒலிப்பதிவு நாடாவில் பிடித்தார். தேத்தா கதைகளைக் கேட்டுக்கேட்டு எழுதினார். கோத்தாரி 2004லும் தேத்தா 2013லும் காலமானார்கள்.

இனி அந்தப் பாட்டுக்காரர்கள் யார் என்பதைக் கேளுங்கள். ஜெய்சல்மேர், பார்மேர் ஆகிய பாலைவன ஜில்லாக்களில் மாங்கணியார் என்று ஒரு கூட்டத்தார் இருக்கிறார்கள். மதத்தால் முஸ்லிம்கள். ஆனால் அவர்கள் பரம்பரையாகப் பாடுவதோ பெரும்பாலும் இந்துக்களான ராஜபுத்திரர் முதலியவர் வீட்டில். வீட்டில் பிள்ளை பிறந்தால் இவர்கள் வந்து பாட வேண்டும். கலியாணம் என்றால் பாட வேண்டும். சாவு என்றாலும் பாட வேண்டும். எஜமானனுடைய பாட்டன், பூட்டன், அவனுக்குப் பூட்டன் பேர்களையெல்லாம் மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டும். கிருஷ்ணன் பிறந்த பாட்டும் பாடுவார்கள், தேவி பாட்டும் பாடுவார்கள். இவர்களைப் போலவே லங்கா என்று இன்னொரு கூட்டத்தார் உண்டு. (இலங்கைக்கும் இந்தப் பேருக்கும் சம்பந்தமில்லை.) இவர்களும் முஸ்லிம்கள், இவர்களுடைய எஜமானர்களும் சிந்தி சிபாயிகள் என்கிற முஸ்லிம்களே.

இந்த வேலைக்குக் கூலி என்ன என்று கேட்டால், கூலி என்று ஒன்று கிடையாது. தானியம், ஆடு, துணி, பெரிய கலியாணமானால் ஒட்டகம் என்று எஜமானன் மனம்போல் கொடுப்பான். இன்ன எஜமானன் இன்ன பாட்டுக்காரனுக்கு என்பது பரம்பரைப் பாத்தியதை. தகப்பன் செத்தால் பிள்ளைகள் நிலத்தைப் பாகம் பிரித்துக்கொள்வதுபோல எஜமானர் வீடுகளைப் பாகம் பிரித்துக்கொள்ளுவார்கள். கேட்பதற்கு இது ஏதோ பாட்டுக்காரனுக்கு உள்ள சொத்துரிமை போலத் தோன்றும். பெரிய படிப்பாளிகள் சிலரும் அப்படி எழுதுகிறார்கள். அதில் கொஞ்சம் நிஜமும் இருக்கிறது. பஞ்ச காலத்தில் அந்த வீட்டுத் தானியம் இந்தக் குடும்பத்தைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் தோழர்களே, மாங்கணியார் என்கிற பேருக்கு அந்தப் பக்கத்துப் பேச்சில் அர்த்தம் என்ன தெரியுமா? கேட்டு வாங்குகிறவன், அதாவது பிச்சைக்காரன். ஆயிரம் பாட்டு மனப்பாடம், பன்னிரண்டு தலைமுறை வம்ச வரலாறு மனப்பாடம், விடிய விடியப் பாடுகிற தொண்டை, எல்லாம் இருந்தும் பேர் பிச்சைக்காரன்! தனக்கு முப்பாட்டன் பேர் தெரியாமல் இவனைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறவனுக்குப் பேர் எஜமானன்! இந்தப் பேரே வேண்டாம் என்று அவர்களில் பலர் இப்போது மீர் என்றும் மிராசி என்றும் வேறு பேர்களால் தங்களைச் சொல்லிக்கொள்ளுகிறார்கள் என்றால் அதில் ஆச்சரியம் என்ன?

அவர்கள் வாசிக்கும் கமைச்சா என்ற வாத்தியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மாமரத்தைக் குடைந்து குடம்போல் செய்து, ஆட்டுத் தோல் போர்த்தி, நரம்புக் கம்பி கட்டி, வில்லால் இழுத்து வாசிப்பது. கனமான குரல்; பாலைவனத்து இரவில் வெகுதூரம் கேட்கும் என்கிறார்கள். அதோடு கர்த்தால் என்று இரண்டு இரண்டு மரத்துண்டுகள். ஒரு கைக்கு ஒரு ஜோடி. அதைத் தட்டுகிற வேகத்தில் விரல் கண்ணுக்குத் தெரியாது. இந்த வித்தையை எந்தக் கல்லூரியும் சொல்லிக்கொடுக்கவில்லை. தகப்பன் மடியில் உட்கார்ந்து பிள்ளை கற்றுக்கொண்டது.

ரூபாயன் சன்ஸ்தான் என்ன செய்தது என்றால், இந்தப் பாட்டை எஜமானன் வீட்டு வாசற்படியிலிருந்து எடுத்து மேடையில் வைத்தது. பாட்டுக்காரனைப் பேர் சொல்லி அழைத்தது. இந்தப் பிள்ளைகளுக்கென்று பயிற்சி முகாம்கள் நடத்தியது. கோத்தாரி இவர்களைக் கூட்டிக்கொண்டு கடல் கடந்து அனேக தேசங்களுக்குப் போனார். அங்கே ஜனங்கள் பணம் கொடுத்துச் சீட்டு வாங்கி, நாற்காலியில் உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள். பாட்டு முடிந்ததும் எழுந்து நின்று கைதட்டினார்கள். சீட்டு வாங்கினவன் பாட்டுக்கு எஜமானனே தவிர, பாட்டுக்காரனுக்கு எஜமானன் அல்ல. அவனுடைய பாத்தியதை அன்று இரவோடு தீர்ந்துபோகிறது. அவன் மகனுக்கு இவன் மகன் பாட வேண்டும் என்கிற கட்டு இல்லை. இது எவ்வளவு பெரிய மாறுதல் என்பதைச் சங்கீத விமரிசனம் எழுதுகிறவர்கள் கவனிப்பதில்லை. அவர்களுக்குச் சுருதி சுத்தமாக இருந்ததா என்பதுதான் கவலை. நம் பக்கத்தில் நாகசுர வித்துவான் தோளில் துண்டு போட்டுக்கொண்டு வாசிக்கலாமா கூடாதா என்று சண்டை நடந்த கதை தெரிந்தவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும்.

பிற்பாடு சர்க்காரும் கவனித்தது. சர்க்கோன் மாங்கணியார் என்று சொல்ல வந்தேன், நாக்குப் பிசகிவிட்டது. சாக்கர் கான் மாங்கணியார் என்ற கமைச்சா வித்துவானுக்கு 2012ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அன்வர் கானுக்கு 2020ல் கொடுத்தார்கள். மாங்கணியார் கூட்டத்தைச் சேர்ந்த லாக்கா கானுக்கு 2021ல் கொடுத்தார்கள். 2007 முதல் ஜோத்பூரிலுள்ள மெஹரான்கர் கோட்டையில் வருஷாவருஷம் நாட்டுப் பாட்டு விழா நடக்கிறது. பல தேசத்துப் பாட்டுக்காரர்களும் வந்து இவர்களோடு சரிசமமாக உட்கார்ந்து வாசிக்கிறார்கள். எந்தக் கோட்டையில் ராஜாக்கள் இருந்தார்களோ அதே கோட்டைதான்!

கதைகளுக்கு வருகிறேன். விஜய்தான் தேத்தா சாரணர் ஜாதியில் பிறந்தவர். சாரணர் என்றால் ராஜாக்களின் புகழைப் பாடிப் பிழைத்த ஜாதி. அந்த ஜாதியில் பிறந்த மனிதர் ராஜா கதையை விட்டுவிட்டு, கிராமத்துப் பெண்களும் குடியானவர்களும் இராத்திரியில் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதைகளைக் கேட்டு, ராஜஸ்தானி பாஷையில் தம் போக்கில் திருப்பி எழுதினார். ராஜஸ்தானிக்கு அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் இடமில்லை. ஹிந்தியில் எழுதினால் பேரும் பணமும் அதிகம் கிடைக்கும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. இருந்தும் தாய் பாஷையில்தான் எழுதினார். “பாதான் ரி ஃபுல்வாடி”, அதாவது கதைப் பூந்தோட்டம் என்ற பேரில் 14 புத்தகங்கள் வந்தன. 1974ல் சாகித்திய அக்காதெமி பரிசும் வந்தது.

அவர் கதையொன்றை வைத்துத்தான் ஹபீப் தன்வீர் என்ற நாடகக்காரர் 1975ல் “சரண்தாஸ் சோர்” என்ற நாடகத்தைப் போட்டார். நடித்தவர்கள் சத்தீஸ்கர் கிராமத்துக் கூத்தாடிகள். கதை இதுதான். ஒரு திருடன் குருவிடம் விளையாட்டாக நான்கு சபதம் செய்கிறான்: தங்கத் தட்டில் சாப்பிடமாட்டேன், யானைமேல் ஊர்வலம் போகமாட்டேன், ராணியைக் கலியாணம் செய்யமாட்டேன், ராஜாவாக மாட்டேன். திருடனுக்கு இதெல்லாம் எங்கே வரப்போகிறது? ஐந்தாவதாகப் பொய் சொல்லாதே என்று குரு சொல்ல, அதற்கும் சரி என்கிறான். கடைசியில் நான்கும் ஒவ்வொன்றாக அவனைத் தேடி வருகின்றன. ராணியே வந்து என்னைக் கட்டிக்கொள் என்கிறாள். மாட்டேன் என்கிறான். சரி, இந்தச் சங்கதியை வெளியில் சொல்லாமலாவது இரு என்கிறாள். கேட்டால் பொய் சொல்ல முடியாதே என்கிறான். கொன்றுவிடுகிறார்கள். ராஜாங்கத்தில் ஒரே யோக்கியன் திருடன். அவனும் உயிரோடு இருக்க முடியவில்லை! இதை எழுதப்படிக்கத் தெரியாத ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறார்கள் என்றால், அந்த ஜனங்களுக்கு ராஜாக்களைப் பற்றி என்ன அபிப்பிராயம் இருந்தது என்பது தெரிகிறதல்லவா? இந்த நாடகத்திற்கு 1982ல் எடின்பரோ நாடக விழாவில் பரிசு கொடுத்தார்கள்.

இன்னொரு விதமான கதை உண்டு. பாபூஜி என்கிற ராஜபுத்திர வீரனைத் தெய்வமாக்கி, அவன் கதை முழுவதையும் ஏறக்குறைய 15 அடி நீளத் துணியில் படமாக எழுதி வைத்திருப்பார்கள். இராத்திரி அதை விரித்துக் கட்டி, போபா என்பவர் ராவணஹத்தா என்ற வில் வாத்தியத்தை வாசித்துக்கொண்டு ஆடிப் பாட, அவருடைய மனைவி விளக்கைப் பிடித்துக்கொண்டு கூடப் பாடுவார். கதையில் எந்த இடம் வருகிறதோ அந்தப் படத்துக்கு விளக்கு போகும். பாதிப் பாட்டு அந்த அம்மாளுடையது. கதை முழுவதும் சொல்லப் பல இரவுகள் பிடிக்கும். அந்தத் துணிதான் கோவில். சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டால் கோவில் அடுத்த ஊருக்குப் போய்விடும். சரி, இந்தக் கோவிலுக்குப் பூசாரி எந்த ஜாதி? நாயக் என்ற ஜாதி. தீண்டாதார் என்று ஒதுக்கிவைக்கப்பட்டு, இன்று அட்டவணை ஜாதிப் பட்டியலில் உள்ளவர்கள். ராஜபுத்திர சாமிக்குத் தீண்டாத ஜாதிப் பூசாரி! கதை கேட்கிற வரையில் அவர் வாக்கு சாமி வாக்கு. விடிந்து துணியைச் சுருட்டினதும் அவர் பழையபடி ஊருக்கு வெளியே. சாமி துணிக்குள் சுருண்டுகொள்ளும்போது மரியாதையும் கூடவே சுருண்டுகொள்ளுகிறது.

இதுவரையில் சொன்னது ஜனங்களின் யோக்கியதை. சர்க்காருடைய யோக்கியதையையும் பார்க்க வேண்டாமா? 1959ல் பம்பாய் ராஜ்யத்தில் பிச்சை எடுப்பதைத் தடுக்க ஒரு சட்டம் வந்தது. பிறகு அதை டில்லிக்கும் விரித்தார்கள். அந்தச் சட்டத்தில் பிச்சை என்பதற்குச் சொன்ன விளக்கத்தில், பாடுவது, ஆடுவது, ஜோசியம் சொல்வது, வித்தை காட்டுவது ஆகிய எந்தச் சாக்கில் பொது இடத்தில் காசு வாங்கினாலும் அது பிச்சை என்று சேர்த்திருந்தார்கள். அதாவது சபா மண்டபத்தில் பாடிக் காசு வாங்கினால் சங்கீத வித்துவான். தெருவில் பாடிக் காசு வாங்கினால் குற்றவாளி, போலீசார் பிடித்துக்கொண்டு போகலாம். 1985ல் அமெரிக்காவில் இந்திய விழா என்று பெரிய விழா நடந்தது. வாஷிங்டன் நகரத்துப் பெரிய மைதானத்தில் இந்தியச் சந்தை ஒன்றையே அமைத்து, நம் தேசத்துக் கழைக்கூத்தாடிகளையும் மாயவித்தைக்காரர்களையும் பொம்மலாட்டக்காரர்களையும் கொண்டுபோய்க் காட்டினார்கள். அமெரிக்கர்கள் மெய்ம்மறந்து பார்த்தார்கள். அங்கே தேசத்தின் பிரதிநிதி. விமானத்திலிருந்து இறங்கி டில்லித் தெருவில் அதே வித்தையைக் காட்டினால் பிச்சைக்காரச் சட்டம்! இந்தச் சட்டம் டில்லியில் 2018 வரையில் உயிரோடு இருந்தது. அந்த வருஷம் ஆகஸ்டு மாதத்தில்தான் டில்லி ஹைகோர்ட்டார் பிச்சை எடுப்பதைக் குற்றமாக்கிய பிரிவுகள் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னார்கள். அதற்கு முந்தின வருஷம், 2017 அக்டோபரில், ராஜஸ்தானத்துப் பொம்மலாட்டக்காரர்கள் முதலியவர் பல வருஷங்களாகக் குடியிருந்த டில்லி கட்புத்லி காலனி இடித்துத் தள்ளப்பட்டது. புது வீடு கட்டித் தருவதற்காக இடித்தோம் என்றார்கள். பெட்டியில் இருந்த பொம்மைக்காவது ஒரு கூரை இருந்தது.

தாய்மார்கள் வந்திருக்கிறபடியால் அவர்கள் சங்கதியையும் சொல்ல வேண்டும். மாங்கணியார்களில் பெண்கள் வீட்டுக்குள்ளும் எஜமானர் வீட்டுப் பெண்களிடத்திலும் பாடுவார்கள். ஆண்கள் கூடின சபையில் பாடக்கூடாது என்பது கட்டுப்பாடு. எஜமானன் தங்களைத் தாழ்த்துகிறான் என்று வருத்தப்படுகிற ஆண்களே இந்தக் கட்டுப்பாட்டைக் காவல் காக்கிறார்கள். பார்மேர் பக்கத்து ருக்மா பாய் என்ற அம்மாள் இளம்பிள்ளைவாதத்தால் கால் விளங்காதவர். அவர் இந்தக் கட்டை மீறி மேடையேறிப் பாடினார். சொந்த ஜாதியாரே ஏசினார்கள். பாடிக்கொண்டேயிருந்து 2011ல் காலமானார். மேடையேறிய மாங்கணியார் பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஆட்டத்தில் குலாபோ என்று ஒரு அம்மாள் இருக்கிறார். பாம்பாட்டிகளான கால்பேலியா கூட்டத்தவர். பிறந்த அன்றைக்கே, பெண் பிள்ளை என்பதற்காகத் தம்மை உயிரோடு மண்ணில் புதைத்துவிட்டார்கள் என்றும், பெரியம்மா போய்த் தோண்டி எடுத்தார் என்றும் அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்தால் பாம்பு பிடிப்பது குற்றமான பிறகு அந்தக் கூட்டத்தாரின் பிழைப்பே ஆட்டத்தின்மேல் வந்து நின்றது. மண்ணில் புதைத்த பெண் ஆடித்தான் பிறகு அந்த ஆட்டத்திற்கு உலகத்தில் பேர் வந்தது. 2010ல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ தன் பட்டியலில் கால்பேலியா பாட்டையும் ஆட்டத்தையும் சேர்த்தது. 2016ல் குலாபோவுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. பட்டியலில் சேர்த்தவர்கள் ஆட்டத்தைச் சேர்த்தார்கள். தோண்டி எடுத்த பெரியம்மாளுக்குப் பட்டியல் இல்லை.

இப்போது நான் சொல்லப்போவதுதான் இன்று உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வேண்டும் என்று வந்தது. 2017 செப்டம்பர் கடைசி. நவராத்திரி சமயம். ஜெய்சல்மேர் ஜில்லாவில் தாந்தல் என்று ஒரு கிராமம். அங்கே ஒரு சாமியாடி இருந்தான். அவன்மேல் தேவி வர வேண்டும். அதற்கு மாங்கணியார் ஒருவர் இன்ன ராகத்தில் பாட வேண்டும். அவர் பாடினார். தேவி வரவில்லை. ஏன் வரவில்லை? தேவி என்று ஒன்று இருந்தால்தானே வருவதற்கு என்று நீங்கள் சொல்லுவீர்கள். சாமியாடி அப்படியா சொல்லுவான்? ராகத்தைச் சரியாகப் பாடாததால்தான் வரவில்லை என்று பாட்டுக்காரர்மேல் குற்றம் சுமத்தினான். அன்று இரவே அந்தப் பாட்டுக்காரர் அடித்துக் கொல்லப்பட்டார். அந்தச் சாமியாடி குற்றம் சாட்டப்பட்டுக் கைதானான். அந்தக் கிராமத்து மாங்கணியார் குடும்பங்கள் எல்லாம், பெண்டு பிள்ளைகளோடு ஏறக்குறைய இருநூறு பேர், பயந்து ஊரைக் காலிசெய்துகொண்டு ஜெய்சல்மேர் பட்டணத்திற்குப் போய் அடைக்கலம் புகுந்தார்கள்.

எத்தனை தலைமுறையாக இவர்கள் அந்த ஊரில் பாடினார்கள்! அந்த ஊரார் வீட்டில் எத்தனை தொட்டில், எத்தனை பந்தல், எத்தனை பாடை! முஸ்லிமாயிருந்தும் இந்து தேவியைப் பாடுகிறார்கள், ஆஹா என்ன ஒற்றுமை என்று பட்டணத்தில் மேடைக்கு மேடை மெச்சுகிறார்களே, அந்த ஒற்றுமை ஒரு ராகம் தவறிற்று என்று ஒருவன் சொன்ன மாத்திரத்தில் எங்கே போயிற்று? அதே அக்டோபரில் கோட்டை விழாவும் வழக்கம்போல் நடந்தது. சீட்டு வாங்கினவர்கள் கேட்டு மகிழ்ந்தார்கள். மேடையில் ராகம் தவறினால் பத்திரிகையில் இரண்டு வரி குறைத்து எழுதுவான். வாசற்படியில் ராகம் தவறினால் உயிர் போகிறது. எஜமானன் கையிலும் சாமி கையிலும் பாட்டை விட்டுவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட எனக்கு வேறு அத்தாட்சி தெரியாது.

இதைக் கேட்டவுடன் நம் தோழர்களில் சிலர் துள்ளுவார்கள். அப்படியானால் இந்தக் கதை, கூத்து, பாட்டு எல்லாம் மூடநம்பிக்கை மூட்டைதானே, கொளுத்திவிட்டுப் போவோமே என்பார்கள். நான் இதற்குச் சம்மதிக்கமாட்டேன். பாபூஜி சாமி என்பது பொய்யாக இருக்கலாம். அந்த அம்மாள் விளக்கைப் பிடித்துக்கொண்டு பாடுகிற பாட்டு பொய்யல்ல. திருடன் கதையில் எந்த சாமியும் வரம் கொடுக்கவில்லை. கமைச்சாவின் குரல் தேவியை வரவழைக்காது. கேட்கிறவன் மனதை அசைக்கும். அது மனிதனுடைய கையாலும் தொண்டையாலும் ஆனது. மனிதன் செய்ததைச் சாமிக்குக் கணக்கு எழுதிவிட்டுப் பிறகு அதைச் சாமி சொத்து என்று நாமே கொளுத்துவது என்ன புத்தி?

இன்னொரு பக்கத்தில் கலைப் பித்தர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மாங்கணியார் மகன் மாங்கணியாராகவே இருக்க வேண்டும். அவன் பள்ளிக்கூடம் போய்ப் படித்து என்ஜினீயரானால் கலை அழிந்துவிடுமாம். இவர்கள் தங்கள் பிள்ளைகளில் ஒருவனைக் கமைச்சா கற்கக் கொடுப்பார்களா? மாட்டார்கள். கலை வேண்டும், அதைச் சுமக்க ஒரு ஜாதி வேண்டும்! கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவன் எந்த ஜாதியானாலும் கற்றுக்கொள்ளட்டும். விட்டுவிட ஆசைப்படுகிற மாங்கணியார் விட்டுவிடட்டும். அந்தக் கூட்டத்துப் பெண்ணுக்குப் பாட ஆசையிருந்தால் தடுக்காமல் இருக்கட்டும். கோத்தாரி நடத்திய முகாம்களும் பெரும்பாலும் அந்தந்த ஜாதிப் பிள்ளைகளுக்குத்தான் நடந்தன. அவர் பட்டினியால் கலையை விட்டுக்கொண்டிருந்தவர்களுக்குக் கைகொடுத்தார், ஆகவே அதைக் குற்றமாகச் சொல்ல மாட்டேன். ஆனாலும் கதவு அத்தனை அகலம்தான் திறந்தது என்பதையும் மறைக்க மாட்டேன். பரம்பரைப் பாட்டுக்குச் சட்டப்படி சொந்தக்காரன் யாருமில்லை என்கிறபடியால், சினிமாக்காரர்களும் ஓட்டல்காரர்களும் அதைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுகிறார்கள் என்பது இன்னொரு வழக்கு. ஜெய்சல்மேர் ஓட்டல்களில் சிவப்புத் தலைப்பாகை கட்டிக்கொண்டு, சாப்பிடுகிறவர்கள் முன்னால் ஒரே வரவேற்புப் பாட்டைத் தினமும் பாடுகிறவர்களுக்கு எஜமானன் மாறியிருக்கிறான், வாசற்படி மாறவில்லை.

ஒன்றைச் சொல்லி நிறுத்திக்கொள்ளுகிறேன். அடுத்துப் பேசுகிற தோழர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கோத்தாரி தம் கடைசி ஆண்டுகளில் ஜோத்பூருக்கு வெளியே மோக்லாவாஸ் கிராமத்தருகில் அர்ணா ஜர்ணா என்ற பேரில் ஒரு பாலைவனப் பொருட்காட்சி சாலைக்குத் திட்டம் போட்டார். பொருட்காட்சி சாலை என்றால் ராஜா வாளும் ராணி நகையும் இருக்கும் என்று நினைப்போம். இங்கே முதலில் காட்சிக்கு வைத்தது என்ன தெரியுமா? விளக்குமாறு! ராஜஸ்தானத்தில் எந்தெந்தப் பக்கத்தில் என்னென்ன புல் முளைக்கிறது, அந்தப் புல்லில் எப்படி விளக்குமாறு கட்டுகிறார்கள், வீட்டுக்குள் பெருக்க எது, களத்தைப் பெருக்க எது, கட்டுகிற ஜனங்கள் யார், அவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்று வகைவகையாக விளக்குமாறுகளைச் சேர்த்து வைத்தார்கள். கம்பு தின்கிற பிரதேசம், சோளம் தின்கிற பிரதேசம், மக்காச்சோளம் தின்கிற பிரதேசம் என்று ராஜஸ்தானத்தைச் சாப்பாட்டை வைத்துப் பிரித்துப் படித்த மனிதர் அவர். ராஜ வம்சங்களை வைத்துப் பிரிக்கவில்லை. நம்மைப்போலவே அந்தப் பக்கத்து வீடுகளிலும் விளக்குமாறு லட்சுமி, காலால் மிதிக்கக்கூடாது. விளக்குமாறு லட்சுமியாம், அதைக் கட்டுகிறவன் தொடக்கூடாதவனாம்! அந்தக் கொட்டகையில் விளக்குமாறு சுவரில் ஏறி நிற்கிறது. பணம் கொடுத்து உள்ளே போகிறவர்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள். கட்டினவரும் உள்ளே வந்து தம் கைவேலையைப் பார்க்கலாம். ஜோத்பூர்ப் பக்கம் போகிற தோழர்கள் கோட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல் அங்கேயும் ஒரு நடை போய் வாருங்கள்.